உணவுக்குப் பின் ஒரு பாலம்

வெனிசுக்குப் போக மூன்று மணி நேரம் போதும்.
நாங்கள் கிளம்பிப் பதினொரு வருடமாகிறது,
இன்னும் சமையலறையைத் தாண்டவில்லை.

ரியேகாவில் எங்கள் மேசை.
ரொட்டித் துணுக்குகளை வழித்துவிட்டு
வரைபடத்தை விரிக்கிறேன்.
சுருண்டு எழும் மூலைகளுக்கு
உப்புக் குப்பி, அவருடைய கண்ணாடி,
ஒரு எலுமிச்சை,
நாலாவதற்கு என் முழங்கை.

மீன் போலிருக்கிறது அந்த ஊர் என்பார்கள்.
எனக்கு அது முள் எடுக்காத மீன்.
ஒவ்வொரு முள்ளும் ஒரு பாலம்.

ஸ்வானேயின் வலது மூட்டு
படி ஏறச் சம்மதிக்கும்.
இறங்கும்போதுதான் வழக்காடும்.
டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிய படத்தில்
இரண்டு எலும்புகள்
நடுவில் ஒன்றுமில்லாமல்
முகத்தோடு முகம் உரசிக்கொண்டிருந்தன.

முப்பது வருடம் மருந்துக்கடையில் நின்றவள் நான்.
எதையும் வேளை பிரித்து எழுதித்தான் பழக்கம்.
காலை இரண்டு பாலம்.
மதியம், உணவுக்குப் பின், ஒன்று.
இரவு வேண்டாம்.
தலை சுற்றினால் நிறுத்திவிட்டு
அருகிலுள்ள காபிக்கடையை அணுகவும்.

அவர் சிரிக்கவில்லை.
"சதுக்கத்துக்கு எத்தனை?"
"எந்த வழியில்?"
"எல்லாரும் போகிற வழியில்."
சிவப்புப் பென்சிலால் எண்ணினேன்.
சொல்லவில்லை.

படகில் போய்விடலாம் என்றேன்.
சீட்டின் விலையைக் கேட்டதும்
"கப்பலுக்கு வண்ணம் அடித்தே கை காய்த்தவனிடம்
படகில் உட்காரக் காசா?"
அவர் அடித்த வண்ணம்
எந்தெந்தத் துறைமுகத்திலோ உரிந்துகொண்டிருக்கும்.
அவர் மட்டும் இந்தக் கடலுக்கு
அந்தப் பக்கம் போனதில்லை.

தண்ணீர் ஏறும் என்று நவம்பரை அடித்தேன்.
கூட்டத்துக்காக ஆகஸ்டை,
முகமூடிகளுக்காகப் பிப்ரவரியை.
ஏப்ரலில் கீழ்வீட்டு நெவியாவின் மகளுக்குக் கல்யாணம்.
மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை
யாருக்கும் வேண்டாமல் கிடந்தது.
அதற்கு ஒரு வட்டம்.

அந்த வாரம்தான் நெவியா
மாடிப்படியில் என்னை மறித்தாள்.
"பத்து நாளாய் ராத்திரி பத்தரைக்கு மேல்
யாரோ ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள்.
போரா காற்றென்றுதான் முதலில் நினைத்தேன்.
காற்று இப்படி நின்று நின்றா இறங்கும்?
திருடனென்றாலும்
இவ்வளவு மெதுவாகவா?"

அன்றிரவு
தூங்குகிறவளைப் போல் மூச்சு விட்டேன்.
கட்டில் லேசானது.
கதவு.
பிறகு இருட்டில் நான் எண்ணினேன்.
பதினான்கு ஏற்றம். ஒரு நிற்றல்.
பதினான்கு இறக்கம்,
படிக்கொரு தரம் கைப்பிடிக் கம்பி முனக.
மறுபடி.

எங்கள் மாடிப்படிக்குக் கீழே கால்வாய் ஓடவில்லை.
காற்றிறங்கிய ஒரு சைக்கிள்,
விளம்பரத் தாள் பிதுங்கும் தபால்பெட்டிகள்,
யாரோ மறந்த குடை.
அவற்றின் மேல்
ஒன்பது பாலம் கட்டி முடித்துவிட்டு
வந்து படுத்தார்.
மூட்டில் தைல வாசனை.
நான் கொடுத்த தைலமில்லை.
வேறு கடையில் வாங்கியது!

காலையில் சொன்னேன்:
"சதுக்கத்துக்கு ஒன்பது பாலம்."
வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த கத்தி நிற்கவேயில்லை.
"அவ்வளவுதானா?"

பன்னிரண்டு என்றது என் பென்சில்.
மிச்சம் மூன்று
வழி தவறும்போது வரட்டும்.

மாலையில் கீழே போய்
நெவியாவிடம் ஒரு பொட்டலம் பஞ்சு கொடுத்தேன்.
இரண்டு காதுக்கும்.
இரவில் மட்டும்.
மார்ச் வரை.